கடற்கரை ஊரில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லப் போகிறீர்களா? அனுமதிக் கடிதத்திலிருந்து முதல் கதை வரை

வாரம் ஒரு நாள் எங்கள் ஊர்ப் பிள்ளைகளை உட்கார வைத்து, உண்மை பேசுவதைப் பற்றியும் அம்மா அப்பா பாசத்தைப் பற்றியும் பழைய கதைகள் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்தது ஒரு ஜூன் மாதம். முதல் கதையைச் சொன்னது அடுத்த ஜனவரியில். நடுவில் போன ஏழு மாதமும் எந்தக் கிழமை சரி, யாரிடம் கடிதம் கொடுப்பது, எந்த இடத்தில் உட்காருவது என்று அலைந்ததிலேயே போய்விட்டது. கதை தொடங்கிய பிறகும் தவறான கதையைத் தவறான இடத்தில் சொல்லி ஒரு பிள்ளையைக் காயப்படுத்தியிருக்கிறேன். ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியோ, தேவிபட்டினமோ, பாம்பனோ, கீழக்கரையோ, எந்த ஊரில் நீங்கள் தொடங்கினாலும் இந்த அலைச்சலும் இந்தத் தவறும் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. கிழமையை முதலில் முடிவு செய்யுங்கள்

கதையைத் தேடுவதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. நான் ஞாயிறு காலை பத்து மணி என்று வைத்தேன். நான்கு பேர் வந்தார்கள். பள்ளி விடுமுறை நாள்தானே, ஏன் வரவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை. பக்கத்து வீட்டு அத்தைதான் சொன்னார்: "சனிக்கிழமை போன போட்டு ஞாயித்துக்கிழமை காலையிலதான கரைக்கு வருது. மீன் பிரிக்க, ஐஸ் போட எல்லாரும் அங்க நிப்பாங்க. மிச்சப் பேரு பூசைக்குப் போயிருப்பாங்க. உன் கதைக்கு யாரு வருவா?"

ராமேசுவரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி ஆகிய நாள்களில் மீன்வளத் துறையிடம் அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும். மறுநாள் காலை திரும்பும். அதனால் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் வீடு வீடாக இருக்காது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்திலிருந்து ஆறு மணி வரை எங்களுக்குச் சரியாக அமைந்தது. அன்று அப்பாக்களும் பெரும்பாலும் வீட்டில் இருப்பார்கள். நாட்டுப்படகு ஊர்களில் கணக்கு வேறு. கடல்பாசி எடுக்கப் போகிற பெண்கள் உள்ள ஊர்களில், அவர்கள் போகிற நாளில் மூத்த பெண் பிள்ளைதான் வீட்டைப் பார்த்துக்கொள்ளும். அந்தப் பிள்ளை வராது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் என்றால் மதரஸா நேரத்தையும் மாலை மஃரிப் தொழுகை நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் முழுக்கக் கரையில் போய் நின்று பாருங்கள். யாரையும் ஒன்றும் கேட்க வேண்டாம், பார்த்தாலே தெரியும்.

மாதமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் வாடைக் காற்றும் இருக்கும், திறந்த இடம் உதவாது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் மணல் கண்ணில் விழும், உங்கள் குரலும் கேட்காது. தை மாதம் தொடங்குங்கள்.

2. கடிதம் இல்லாமல் ஒரு நாள் கூட உட்காராதீர்கள்

வாய் வார்த்தையாக "தாராளமா நடத்துங்க" என்பார்கள். மூன்றாவது வாரம் யாராவது ஒருவர் "இது என்ன கூட்டம், யார் அனுமதி கொடுத்தது?" என்று கேட்பார். எனக்கு அப்படித்தான் நடந்தது. பிள்ளைகளைப் பாதிக் கதையில் அனுப்ப வேண்டியதாயிற்று.

பள்ளிக்கூடத்துக்குள் நடத்தும் எண்ணம் இருந்தால், தலைமையாசிரியர் சரி என்று சொன்னால் மட்டும் போதாது. அரசுப் பள்ளி என்றால் கல்வி அலுவலகத்தின் எழுத்து அனுமதி கேட்பார்கள். நான் ஒரு பள்ளிக்கு நான்கு முறை நடந்தேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தாள் கேட்டார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை, பள்ளிக்கு வெளியே தொடங்குங்கள். ஊராட்சி நூலகம், ஊர்ச் சாவடி, கோயில் மண்டபம், ஆலய வளாகம், வலை பின்னும் கூடம், எது கிடைத்தாலும் நல்லது.

கடிதம் இரண்டு பேருக்குப் போக வேண்டும். ஒன்று ஊராட்சிக்கு. இன்னொன்று ஊரில் உண்மையில் யார் சொல்லுக்கு மதிப்போ அவர்களுக்கு: மீனவர் குடியிருப்பில் ஊர்த் தலைவர் அல்லது ஊர்க் கமிட்டி, ஆலய இடம் என்றால் பங்குத்தந்தை, பள்ளிவாசல் இடம் என்றால் ஜமாஅத். கடிதத்தில் இவை இருக்கட்டும்: உங்கள் பெயர், முகவரி, ஆதார் நகல், உங்களைத் தெரிந்த இரண்டு ஊர்க்காரர்களின் பெயர், இடம், கிழமை, மணி, எத்தனை வயதுப் பிள்ளைகள், பணம் வாங்க மாட்டீர்கள் என்பது, மதம், கட்சி, விற்பனை எதுவும் கலக்காது என்பது, பிள்ளைகளைப் படம் எடுத்து எங்கும் போட மாட்டீர்கள் என்பது. கடைசி வரியைப் படித்த பிறகுதான் எங்கள் ஊர்த் தலைவர் முகம் தெளிந்தது.

இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். முத்திரை கிடைத்தால் இன்னும் நல்லது. அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எப்போதும் பையிலேயே வையுங்கள். எனக்கு இது இரண்டு முறை கை கொடுத்தது.

ஊராட்சிக் கட்டடம் வேண்டும் என்றால் கிராம சபையில் எழுந்து கேட்பது நல்ல வழி. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கட்டாயம் கூடும். எல்லோர் முன்னாலும் கேட்டதை அப்புறம் யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது. நாளைக் கணக்கிட்டுக்கொண்டு கடிதத்தை இரண்டு வாரம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.

பெற்றோரிடமும் ஒரு சின்னச் சீட்டில் சம்மதம் வாங்குங்கள். பிள்ளையை யார் கூட்டிப் போவார்கள், உடம்புக்கு என்ன ஒத்துக்கொள்ளாது என்ற இரண்டு கேள்வி போதும். எழுதத் தெரியாதவர்கள் இருந்தால் நீங்களே எழுதிப் படித்துக்காட்டி, கைநாட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

3. கதையை எடுக்கும்போது

நேர்மைக்கு எல்லோரும் முதலில் எடுப்பது விறகுவெட்டியின் கோடாலிக் கதை. ஈசாப் கதைகளில் வருவது. இரும்புக் கோடாலிதான் என்னுடையது என்று உண்மையைச் சொன்னவனுக்குத் தங்கமும் வெள்ளியும் சேர்த்துக் கிடைக்கும். நானும் அதைத்தான் முதலில் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் நேராக என்னிடம் வந்தான். கரையில் ஒரு பை நிறைய வலைக் குண்டு கிடந்ததாம். யாருடையது என்று விசாரித்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். "எங்கடா எடுத்த, இன்னும் எத்தனை எடுத்த?" என்று கேட்டு அவனைத்தான் மிரட்டியிருக்கிறார்கள். "உண்மையத்தானக்கா சொன்னேன், எனக்கு ஏன் ஒண்ணும் தரல?" என்றான். அவன் கை விரல்களில் ஈயக் குண்டின் கறுப்பு இன்னும் இருந்தது.

அன்றிலிருந்து பரிசு கிடைக்கிற கதையைத் தனியாகச் சொல்வதில்லை. அதோடு பரிசு கிடைக்காத ஒரு கதையையும் சேர்த்தே சொல்கிறேன். அதற்கு நான் கண்டதில் மிக நல்லது பசுவும் புலியும் கதை. கன்னட நாட்டில் அதைப் பாட்டாகவே பாடுவார்கள். பசுவின் பெயர் புண்ணியகோடி. புலியிடம் மாட்டிக்கொண்ட பசு, கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துப் போகிறது. கன்றை மற்றப் பசுக்களிடம் ஒப்படைத்துவிட்டுச் சொன்னபடி திரும்பி வந்து நிற்கிறது. நேர்மையும் தாய்ப்பாசமும் ஒரே கதையில், ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு நிற்கும். பாட்டில் புலி மனம் தாங்காமல் உயிரை விட்டுவிடும். சின்னப் பிள்ளைகளுக்குப் புலி பசுவைத் திருப்பி அனுப்பியதோடு நிறுத்திக்கொள்ளலாம். "கன்றுக்குட்டி அம்மாவப் போக விட்டுச்சா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். பதில் சொல்லாதீர்கள், அவர்களையே பேச விடுங்கள். எங்களிடம் அந்தப் பேச்சு அரை மணி நேரம் போனது.

"புலி வருது, புலி வருது" கதையை எங்கள் பிள்ளைகள் முதலில் கண்டுகொள்ளவில்லை, பாடப் புத்தகத்திலேயே கேட்டு அலுத்த கதை. அப்புறம் ஒன்று கேட்டேன்: "பாம்பன் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டை ஒருத்தர் விளையாட்டுக்குத் தினமும் ஏற்றினால் என்ன ஆகும்?" உடனே கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "நெசமா புயல் வர்றன்னைக்கும் போட்ட எடுத்துட்டுப் போயிருவாங்க" என்றாள் ஒருத்தி. கேள்வியாகக் கேட்பதோடு நிறுத்துங்கள். புலிக்குப் பதிலாகச் சுனாமியையோ புயலையோ கதைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். இரவில் தூங்க மாட்டார்கள்.

அடுத்து, பெரிய பொறி ஒன்று. மேல்நாட்டுத் தேவதைக் கதைகளில் பாதி, கொடுமைக்காரச் சித்தி இல்லாமல் நகராது. நம் பேச்சில் சித்தி என்றால் அப்பாவின் இரண்டாவது மனைவியும் சித்திதான், அம்மாவின் தங்கையும் சித்திதான். சித்தி வீட்டில் வளர்கிற பிள்ளை ஒன்றாவது உங்கள் கூட்டத்தில் இருக்கும். மற்றப் பிள்ளைகள் திரும்பி அதன் முகத்தைப் பார்ப்பார்கள். காட்டில் விடப்பட்ட அண்ணன் தங்கை கதையை எடுத்துக்கொள்ளுங்கள், கிரிம் சகோதரர்கள் தொகுத்தது. 1812-ஆம் ஆண்டு முதல் பதிப்பில் பிள்ளைகளைக் காட்டில் விடச் சொல்வது பெற்ற அம்மாதான். 1840-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள். அவர்களே மாற்றியிருக்கிறார்கள் என்றால் நாமும் மாற்றலாம். நான் "அந்த வீட்டில் பஞ்சம் வந்தது, பெரியவர்கள் ஒரு கெட்ட முடிவு எடுத்தார்கள்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறேன். அண்ணன் தங்கை ஒருவரை ஒருவர் விடாமல் பிடித்துக்கொள்வதில்தான் பிள்ளைகளின் மனம் நிற்கிறது.

பழைய கதைகளை உங்கள் வார்த்தையில் சொல்ல யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நம் நாட்டில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை. ஆனால் தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. புதிய மொழிபெயர்ப்பை ஜெராக்ஸ் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். படிக்கக் கொடுக்க வேண்டும் என்றால் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் படங்களோடு தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயர் உள்ள பக்கத்தையும் சேர்த்தே அச்செடுங்கள்.

4. அப்பாவைப் பற்றிய கதை சொல்வதற்கு முன்

இந்தப் படிக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன்.

மரப்பொம்மைப் பையன் பினாக்கியோ கதை தெரியும். பொய் சொன்னால் மூக்கு நீளும் என்பது மட்டும்தான் பலருக்கும் நினைவு இருக்கும். உண்மையில் அது அப்பா கதை. கொல்லோதி எழுதிய மூலத்தில், தச்சர் ஜெப்பெத்தோ தன் பசிக்கு வைத்திருந்த மூன்று பேரிக்காயையும் பையனுக்குக் கொடுத்துவிடுவார். குளிர்காலத்தில் போட்டிருந்த கோட்டை விற்று எழுத்துப் புத்தகம் வாங்கி வருவார். பையன் காணாமல் போனதும் சின்னப் படகில் கடலில் தேடிப் போவார். ஒரு ராட்சச மீன் அவரை விழுங்கிவிடும். எல்லோரும் திமிங்கிலம் என்பார்கள். மூலத்தில் அது சுறா. இரண்டு வருடம் அதன் வயிற்றுக்குள், கடைசி மெழுகுவத்தி எரிந்துகொண்டிருக்கும்போது பையன் வந்து சேருவான். மூச்சுக் கோளாறால் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற அந்தச் சுறாவின் வாய் வழியாகவே அப்பாவைத் தோளில் சுமந்து நீந்துவான்.

கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கதை உண்டா என்று நினைத்து ஆசையாகச் சொன்னேன். மெழுகுவத்தி வந்த இடத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து நின்றது. பாவாடை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டது: "அக்கா, எங்க அப்பாவையும் அந்தப் பக்கம் பிடிச்சு வச்சிருக்காங்க. அந்த மீன் எப்ப வாயத் தொறக்கும்?"

அப்பா இலங்கைச் சிறையில் இருந்தார். எனக்கு அது தெரியாது. கூட்டம் முழுக்கத் தெரிந்திருந்தது. நான் பதறிப்போய், "சீக்கிரம் தொறக்கும்டா, அப்பா வந்துருவாரு" என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் அந்தப் பிள்ளையின் ஆச்சி வந்தார். சத்தம் போடவில்லை. "நீ வந்துருவாருன்னு சொன்னியாம். ரெண்டு நாளா ஜெட்டில போய் நிக்குது தாயி" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வருவதற்கு முன்பே அவள் வீட்டுக்குப் போனேன். "அப்பா எப்ப வருவாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னது என் தப்பு" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அப்புறம் "சரிக்கா" என்று சொல்லிவிட்டு என்னோடேயே கிளம்பி வந்தாள்.

ஆகவே இதைக் கட்டாயம் செய்யுங்கள். முதல் கதைக்கு முன்பே, பெற்றோர் சீட்டு வாங்கப் போகும்போது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பேச்சோடு பேச்சாகத் தெரிந்துகொள்ளுங்கள். கடலில் தவறியவர், சிறையில் இருப்பவர், வளைகுடாவில் வேலை பார்ப்பவர், விட்டுப் போனவர் என்று எல்லா வீட்டிலும் ஒரு செய்தி இருக்கும். நோட்டில் எழுதாதீர்கள், மனதில் வையுங்கள். அப்படிப்பட்ட கதையைச் சொல்வதற்கு முதல் நாள் அந்த வீட்டுப் பெரியவரிடம், "நாளைக்கு அப்பா கதை சொல்லப் போறேன், சொல்லலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேறு கதை. பல நேரம் "சொல்லு, புள்ள கேக்கட்டும்" என்றுதான் வரும்.

"உங்க அப்பா உனக்கு என்ன வாங்கித் தந்தார்?" என்று எந்தப் பிள்ளையையும் கேட்காதீர்கள். பாசத்தைப் பற்றிப் பேசக் கதைக்குள் இருக்கும் அப்பாவே போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். நேர்மைக் கதை சொல்ல உட்கார்ந்தவர் சொல்கிற பொய்யைப் பிள்ளைகள் அப்படியே நம்புவார்கள்.

5. பிள்ளை உங்களிடம் ஒரு உண்மையைச் சொன்னால்

உண்மை பேசுங்கள் என்று ஆறு வாரம் கதை சொன்னால், ஏழாவது வாரம் ஒரு பிள்ளை உங்கள் காதருகே வந்து ஏதாவது சொல்லும். பென்சில் திருடியதாக இருக்கலாம், வீட்டில் அடி விழுவதாக இருக்கலாம், அதற்கும் மேலே இருக்கலாம். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று முன்கூட்டியே சத்தியம் செய்யாதீர்கள். காப்பாற்ற முடியாமல் போகும். "நீ சொன்னது நல்லது. உனக்கு உதவி தேவைப்பட்டால் ஒரு பெரியவரிடம் நான் சொல்ல வேண்டியிருக்கும்" என்று சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. பாலியல் துன்பம் என்று தெரிந்தால் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி புகார் கொடுப்பது உங்கள் கடமை. ஊர்ப் பேச்சில் முடிக்கச் சொல்வார்கள், முடிக்காதீர்கள். இந்த எண்ணை முதல் நாளே பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

6. செலவும் நேரமும்

பெரிய செலவு இல்லை. கோரைப் பாய் அல்லது தார்ப்பாய், பேட்டரி விளக்கு ஒன்று, தண்ணீர்க் குடம், கடித நகல்கள், எல்லாம் சேர்ந்து தொடக்கத்தில் எனக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. வாரச் செலவு தின்பண்டம் மட்டும்தான். இருபத்தைந்து பிள்ளைக்குச் சுண்டல் வீட்டில் அவித்தால் இருநூறு ரூபாய்க்கு அருகில் வரும். தை, மாசியில் பனங்கிழங்கு மலிவு, கட்டாக வாங்கி அவித்துவிடுங்கள். கதைக்கு முன்னால் கொடுக்காதீர்கள், பாதிப் பேர் தின்றுவிட்டு ஓடிவிடுவார்கள். நன்கொடை என்று பணமாக யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒரு கிலோ கடலையாகக் கொடுங்கள் என்று சொல்லுங்கள்.

ஒரு மணி நேரத்தில் கதை பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. மீதி நேரம் அவர்களுடையது. இருபத்தைந்து பிள்ளைக்கு மேல் சேர்ந்தால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளைப் பத்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் இரண்டு பக்கமும் கெடும். இருட்டுவதற்கு முன் முடித்து, கடைசிப் பிள்ளையை அதன் வீட்டு ஆள் வந்து கூட்டிப் போகும் வரை நில்லுங்கள். நீங்கள் தனியாக இருக்காதீர்கள், ஊரிலிருந்து ஓர் அம்மாவோ அத்தையோ கூடவே இருக்கட்டும்.

7. தடைக்காலத்தில் அப்பாக்களைக் கூப்பிடுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்பாக்கள் எல்லோரும் கரையில் இருக்கிற ஒரே காலம். படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், வலை சரி செய்வார்கள். கதைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால் வர மாட்டார்கள். வலை பின்னுகிற இடத்துக்கே பிள்ளைகளைக் கூட்டிப் போய் அங்கேயே பாயை விரியுங்கள். எங்கள் ஊரில் அப்படி உட்கார்ந்து நான் சுறா வயிற்றுக் கதையைத் திரும்பச் சொன்னபோது, வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒருவர், "சுறா அப்படி வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்காதே" என்றார். அவர் மகன் எழுந்து, "இது ரொம்ப வயசான சுறாப்பா, அதுக்கு மூச்சு முட்டும்" என்று விளக்கம் சொன்னான். அடுத்த வாரம் அவரே தன் சின்ன வயதில் கேட்ட கதை ஒன்றைச் சொன்னார்.

தடைக்காலத்தில் கையில் பணம் இருக்காது, ஆகையால் பிள்ளைகளிடம் நோட்டு, பென்சில் என்று எதுவும் கொண்டுவரச் சொல்லாதீர்கள். மே மாத வெயிலுக்கு மாலை ஐந்தரைக்குத் தள்ளி வையுங்கள். ஜூன் பிறந்ததும் டீசல், ஐஸ், ரேஷன் ஏற்றும் பரபரப்பு தொடங்கிவிடும். ஜூன் 14-ஐ ஒட்டிய வெள்ளிக்கிழமை கதை வேண்டாம், பிள்ளைகள் அப்பாவோடு படகில் இருக்கட்டும்.